இருநூற்றுப் பன்னிரண்டு குச்சிகள்

ஹோபர்ட், டாஸ்மேனியா
14 ஏப்ரல் 2003

மதிப்புக்குரிய லவீனியா ஸ்னெல் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நீங்கள் முடிவுசெய்திருந்தாலும் அதில் நியாயம் உண்டு. 1973 முதல் 1976 வரை நார்ஃபோக் தீவில் அரசின் வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த லயனல் வார்டெல் நான். தீவுக்கு அருகே கடலில் நிற்கும் ஹாரியட் திட்டில் முட்டையிட வரும் ஆலா என்னும் கடற்பறவைகளைக் கணக்கெடுத்தவன். உங்கள் அண்ணன் பார்க்கின்ஸ்தான் தம் படகில் என்னை அங்கே இறக்கிவிட்டு, மாலையில் வந்து அழைத்துப்போவார்.

எங்கள் துறை ஒரு வரலாற்று மலர் கொண்டுவருகிறது. அதில் என் பணிக்காலத்தைப் பற்றி, குறிப்பாக ஹாரியட் திட்டில் ஆலாக்கள் மீண்டும் பெருகியதைப் பற்றி, ஓர் அத்தியாயம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அதற்காகப் பழைய பெட்டிகளைத் திறந்தபோது 1974ஆம் ஆண்டின் குறிப்பேடு கிடைத்தது. அதில் ஒரு முரண்பாடு கண்ணில் பட்டது. அதை உங்களுக்குத் தெரிவிப்பது முறை என்று தோன்றியது.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் வந்த நன்றி நாளுக்கு மறுநாள் தொடங்கி மூன்று நாட்கள், ஒவ்வொரு கூட்டின் அருகிலும் எண் எழுதிய வெள்ளைக் குச்சி ஒன்றை நட்டோம். கூடு என்று சொல்வதற்கில்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் ஒரே ஒரு முட்டை. இருநூற்றுப் பன்னிரண்டாவது கூட்டோடு குச்சிகள் தீர்ந்துபோயின. தெற்குச் சரிவில் மிச்சமிருந்த ஐம்பத்தெட்டுக் கூடுகளை வரைபடத்தில் மட்டும் குறித்துக்கொண்டேன். டிசம்பர் 16ஆம் தேதி போய்ப் பார்த்தபோது குச்சி நட்ட கூடுகளில் நூற்றெண்பத்தேழு வெறுமையாக இருந்தன. என் அறிக்கையில் இருப்பது இந்த எண்தான். குச்சி நடாத ஐம்பத்தெட்டில் ஐம்பத்தொன்று பத்திரமாக இருந்தன. இது வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அறிக்கையில் இல்லை.

அறிக்கையில் நான் எழுதியபடி மனிதர்கள் எடுத்திருந்தால், படகிலிருந்து இறங்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் தெற்குச் சரிவை ஏன் விட்டுவைக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு இப்போதுதான் எழுகிறது.

துறைக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் உங்கள் அண்ணன் நலமா என்று அறிய விரும்பினேன். பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தங்கள்,
லயனல் வார்டெல்


நார்ஃபோக் தீவு
2 மே 2003

குச்சி அவர்களுக்கு,

இங்கே உங்களை எல்லோருக்கும் தெரிந்தது இந்தப் பெயரில்தான். தொலைபேசிப் புத்தகத்திலும் இப்படித்தான் அச்சிட்டோம். நீங்கள் காது சிவக்க எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, "இதை மாற்ற முடியுமா, சிரமம் இல்லையென்றால்" என்று கேட்டீர்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள் நான். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

பார்க்கின்ஸ் இருக்கிறான். எழுபத்தெட்டு வயது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். உங்கள் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. காட்டுவதா வேண்டாமா என்பது நீங்கள் அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் அறிக்கையில் யார் பெயரும் இல்லை. அது உங்கள் மரியாதை. "திட்டில் இறங்கத் தெரிந்த ஒரே குடும்பம்" என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தீவில் ஆயிரத்து எழுநூறு பேர். அந்தக் குடும்பம் எது என்று கேட்டால் சாலையில் மேயும் மாடுகூட எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

சாப்பிட முட்டை எடுக்க நாங்கள் நன்றி நாளுக்குப் பிறகு திட்டில் கால் வைப்பதில்லை. அதற்கு முன் எடுத்தால் ஆலா மறுபடி இடும், பின்னால் எடுத்தால் இடாது. என் அப்பா காலத்திலும் அப்படித்தான், அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான். நன்றி நாளுக்குப் பிறகு முட்டை போயிருக்கிறது என்று நீங்கள் எழுதியதும், முட்டைக்காக எங்களை யாரும் ஏசவில்லை. நாள் தவறியதற்காக ஏசினார்கள். மாதாகோவிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

அறிக்கை வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் இது எந்தப் பக்கத்திலும் இருக்காது. பார்க்கின்ஸ் சமையலறை மேசையில் வைத்து அதை இரண்டு முறை படித்தான்.

"அடுப்புல போடு, குச்சி உளறியிருக்கான்" என்றேன்.

"வேற எவன் எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன். அவன் எண்ணுனா தப்பாது, லவீ. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். ஒத்த முட்டைய மூணு தடவ எண்ணுவான். நூத்தெண்பத்தேழுன்னா நூத்தெண்பத்தேழுதான்."

"அப்ப நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல."

"பின்ன யாரு?"

அவன் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தான். ஆஸ்வினுக்கு அப்போது இருபத்து நாலு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். எங்கள் ஆட்களில் திட்டில் தனியாக இறங்கத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். டிசம்பர் எட்டாம் தேதி ஆஸ்வினின் படகைத் திட்டுப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொல்லியிருந்தார்.

"மீன் பிடிக்கப் போனேம்ப்பா. எறங்கல."

"எண்ணி வச்சிருக்கான்டா அவன்!"

அதற்கு மேல் நடந்ததை எழுத எனக்கு மனமில்லை. மார்ச் மாத விமானத்தில் ஆஸ்வின் மனைவியை அழைத்துக்கொண்டு நியூசிலாந்துக்குப் போனான். டௌரங்காவில் ஒரு பழத்தோட்டத்தில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் வாழ்த்து எனக்கு மட்டும் வரும், மூன்று வார்த்தையில். அப்பனும் மகனும் இருபத்தெட்டு வருடமாகப் பேசவில்லை.

அதனால் உங்கள் திருத்தக் குறிப்பு துறைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அடுத்த வருடம், 1975இல், குச்சிகளையெல்லாம் ஏன் பிடுங்கினீர்கள்? கட்டுக்கட்டாகப் படகுத்துறையில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

லவீனியா ஸ்னெல்


ஹோபர்ட்
19 மே 2003

மதிப்புக்குரிய லவீனியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஆஸ்வின் தீவை விட்டுப் போனது எனக்குத் தெரியும். வேலை தேடிப் போனதாக நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேன் என்பதே சரி.

என் பணிக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். சாக்குச் சொல்வதற்காக அல்ல. 1975இல் திட்டில் இறங்கத் தடை வந்தது. அதே பருவத்தில் ஆலாக்கள் இருநூற்று நாற்பது குஞ்சுகளை வளர்த்தன. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்து எங்கள் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மறு ஆண்டு என்னைக் கான்பெர்ராவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு. பிறகு பதினெட்டு ஆண்டுகள் புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு நான் பாடம் எடுத்தேன். ஹாரியட் திட்டு அதில் மூன்றாவது பாடம். தடை ஒன்று சரியான நேரத்தில் வந்தால் ஒரு பறவைக் கூட்டத்தை மீட்க முடியும் என்பது அதன் சாரம். ஓய்வு பெறும்போது ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். அதைப் பெற மேடையேறியபோது கால் இடறியது. மற்றபடி குறிப்பிட ஒன்றுமில்லை.

குச்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உப்புக்காற்றில் எண்கள் அழிந்துவிட்டன. அழிந்த எண்ணோடு ஒரு குச்சி இருப்பதைவிட இல்லாதிருப்பது மேல் என்பதால் பராமரிப்புக் காரணங்களுக்காக அகற்றினேன்.

துறைக்கும் உங்கள் தீவு மன்றத்துக்கும் அனுப்ப ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். இணைத்துள்ளேன். பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கள்,
லயனல் வார்டெல்

இணைப்பு: 1974ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிடப்பட்ட முட்டை இழப்புக்கு மனிதர்கள் அல்லாத பிற காரணங்களும் பங்களித்திருக்கக்கூடிய வாய்ப்பை முற்றிலுமாக ஒதுக்கிவிட இயலாது எனப் பிற்காலப் பரிசீலனையில் கருத இடமிருக்கிறது.


நார்ஃபோக் தீவு
8 ஜூன் 2003

குச்சி அவர்களுக்கு,

உங்கள் வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்குப் புரியாத சொற்களின் கீழே கோடு போட்டேன். முடித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் கீழே கோடு இருக்கிறது.

இதைப் பார்க்கின்ஸிடம் படித்துக் காட்டினால், "என்ன சொல்றான் இவன், யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பான்.

எண்கள் அழிந்துபோயினவா? நீங்கள் பிடுங்கிப் போட்ட குச்சிகளில் முப்பதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்து வருடம் என் பீன்ஸ் கொடி அவற்றில்தான் ஏறியது. வெயில், மழை, கடல்காற்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசிக் குச்சியை அடுப்பில் வைத்த அன்றுகூட நூற்று நாற்பத்தேழு என்று பளிச்சென்று தெரிந்தது. நீங்கள் பெயின்ட் அடித்தால் அழியாது. நீங்கள் எண்ணினால் தப்பாது என்று என் அண்ணன் நம்பியதும் இதனால்தான்.

பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது.

போன வாரம் பார்க்கின்ஸை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டான். டாக்டர் என்னை வெளியே அழைத்து, "இன்னும் ஒரு முட்டைப் பருவம் பார்ப்பார், அதுக்கு மேல நான் வாக்கு கொடுக்க மாட்டேன், லவீனியா" என்றார். பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. திட்டில் மறுபடி இறங்க அனுமதி கேட்டு மன்றத்தில் மனு கொடுக்கலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். கொடுக்கட்டும். எனக்கு முட்டை வேண்டாம். அவன் கண்மூடுவதற்குள் மகன் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நான் சொன்னால் தங்கச்சிப் பாசம் என்பான். ஆஸ்வின் சொன்னால் ஏற்கெனவே கேட்டதுதான். அவன் நம்பியது ஒரே ஒருவருடைய எழுத்தை. அந்த ஆள் எழுதினால்தான் இது தீரும்.

எதற்குக் குச்சிகளைப் பிடுங்கினீர்கள்?

லவீனியா


ஹோபர்ட்
30 ஜூன் 2003

மதிப்புக்குரிய லவீனியா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஜூன் 19ஆம் தேதி எழுதி முடித்தேன். உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். பதினோரு நாட்கள் ஆயின. இன்று மறுபடி பிரதி எடுத்தேன். உங்கள் அண்ணனிடம் எவ்வளவு நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தும் பதினோரு நாட்களை எடுத்துக்கொண்டேன். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் முதல் கடிதத்தில் "இப்போதுதான்" என்று எழுதியது பொய். குச்சிகளைப் பற்றிச் சொன்னதும் பொய்.

1974 டிசம்பர் 9, திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்கு மேல் ஆஸ்வின் என் அலுவலகத்துக்கு வந்தார். கால்சட்டை நனைந்திருந்ததால் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

"மிஸ்டர் வார்டெல், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து திட்டுக்குக் கீழ தூண்டில் போட்டுட்டு இருந்தேன். மேட்டுல, சதுப்புல திரியுமே, அந்த நீலக்கோழிங்க நாலஞ்சு எறங்கியிருக்கு. அதுல ஒண்ணு உங்க குச்சியப் பாத்துப் பாத்து நடக்குது. ஒரு குச்சிகிட்ட நிக்குது, குனியுது, அடுத்த குச்சிக்குப் போவுது. தபால்காரன் வீடு வீடா வர்ற மாதிரி."

குறித்துக்கொள்கிறேன், நன்றி என்றேன். குறித்தும் கொண்டேன். "ஆ. ஸ்னெல் கூறுவது: நீலக்கோழிகள்? சரிபார்க்கப்படவில்லை." இந்த வரி குறிப்பேட்டில் இருக்கிறது. சரிபார்க்க நான் போகவில்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தது என்று அடுத்த ஐந்து நாட்களுக்கும் எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு நாட்கள் அமைதியாக இருந்தது. மற்றவர்களின் படகுகள் போய்வந்தன.

கூட்டுக்குக் குச்சி நடும் முறை என்னுடையது. அதற்கு முந்தைய ஆண்டு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன்; துறை அதை எல்லாத் தீவுகளுக்கும் வழிகாட்டியாக அனுப்பியிருந்தது. என் வாழ்க்கையில் யாராவது என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நாற்பத்து நாலு வயது எனக்கு. 16ஆம் தேதி போய்ப் பார்த்தபோது கோழி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஓடுகளும் அதிகம் கிடக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன். மனிதக் கை என்று எழுதினேன். யார் பெயரும் எழுதவில்லை என்பதை ஒரு நற்குணமாக நினைத்தேன்.

மறு ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி மறுபடி நாற்பது குச்சிகளை நட்டேன். இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குள் அது வந்தது. நெடிய சிவந்த கால், நீல உடல், அவசரமே இல்லை. முதல் குச்சியருகே நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஆலா கத்திக்கொண்டு எழுந்தது. கோழி குனிந்து முட்டையை அலகால் கவ்விக்கொண்டு புதருக்குள் போனது. அதனால்தான் ஓடுகள் கிடக்கவில்லை. திரும்பி வந்து இரண்டாவது குச்சிக்குப் போனது. அதன் பின்னால் ஒரு குஞ்சு. தாய் செய்வதை அது பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்பது குச்சிகள் வரை எண்ணினேன். பிறகு எழுந்து ஓடி எல்லாவற்றையும் பிடுங்கினேன். கொட்டகையில் கிடந்த பழையவற்றையும் சேர்த்துக் கட்டினேன். அன்று படகுத்துறைக்கு வந்தபோது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் கேட்டீர்கள். கேட்டும் ஒருமுறை பொய் சொன்னேன். ஆகவே அதுவும் உண்மையில்லை.

திட்டு மீண்டது தடையால் அல்ல. நான் குச்சிகளைப் பிடுங்கியதால். அதைத்தான் பதினெட்டு ஆண்டுகள் வேறு மாதிரி பாடம் எடுத்தேன்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு தாள் தனியே வைத்திருக்கிறேன். நான்கே வரிகள். "கூடும்", "வாய்ப்பு" இரண்டும் அதில் இல்லை.

லயனல் வார்டெல்

இணைப்பு: பார்க்கின்ஸ் ஸ்னெல் அவர்களுக்கு. 1974இல் ஹாரியட் திட்டில் முட்டைகளை எடுத்தவை நீலக்கோழிகள். நான் நட்ட குச்சிகள் அவற்றுக்கு வழி காட்டின. உங்கள் மகன் ஆஸ்வின் இதை அப்போதே என்னிடம் வந்து சொன்னார்; உண்மையைச் சொன்னார். நான் மறைத்தேன். — லயனல் வார்டெல்


நார்ஃபோக் தீவு
27 ஜூலை 2003

லயனல் அவர்களுக்கு,

உங்கள் தாளை அவனிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தான். நான்கு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் கிழங்கு தோலுரித்து முடித்து, அடுப்பில் வைத்து, திரும்பிப் பார்த்தேன். இன்னும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உங்களைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். நானும் சேர்ந்துகொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"பாதிக் குச்சிக்கு மேல நான்தான் அடிச்சேன், லவீ" என்றான். "அவனுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. வெரல்ல போட்டுக்குவான். குடு இப்டின்னு வாங்கி நான்தான் அடிச்சேன்."

"உனக்கெப்படித் தெரியும் கோழி பாடம் படிக்கும்னு?"

"எம் மவனுக்குத் தெரிஞ்சிருக்கே."

கொஞ்ச நேரம் கழித்து, "நம்பர் குடு" என்றான். எந்த நம்பர் என்று நான் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக அது ஃபோன் பக்கத்துச் சுவரில் எழுதியிருக்கிறது, ஆஸ்வின் மூன்று முறை வீடு மாறி மூன்று முறை அடித்தெழுதியது. அவன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடிக்கிறான். நானே டயல் செய்து கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் இருந்தவள், அடுத்தவர் பேச்சைக் கேட்டதில்லை என்று சத்தியம் செய்வேன். அன்று பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"ஆஸ்வின். அப்பா."

அந்தப் பக்கத்திலிருந்து, "ஒடம்புக்கு என்ன?" என்றான்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. குச்சி கடுதாசி போட்டிருக்கான். கோழிதானாம்."

"தெரியும்ப்பா. அப்பவே சொன்னேன்ல." அன்று நான் எழுதாமல் விட்ட சண்டையில் கோழி என்றுதான் கத்தினான்; அப்பன் நம்பவில்லை.

"சொன்னே."

"குச்சி எண்ணுனா தப்பாதுன்னீங்க."

"சொன்னேன்."

பார்க்கின்ஸ் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"எண்ணுனது தப்பில்லடா. எண்ணிக்க சரிதான். அத வச்சு நான்..." இங்கே பார்க்கின்ஸுக்கு மூச்சு வாங்கியது. நான் ரிசீவரை வாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

"இங்க தோட்டத்துல கவாத்து நடக்குதுப்பா" என்றான் ஆஸ்வின். "ஆளுங்க நிக்கிறாங்க. முடியட்டும், பாக்கறேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். பார்க்கின்ஸ் ரிசீவரைப் பார்த்துக்கொண்டே, "கொரல் மாறிப்போச்சு. எங்கப்பா கொரல் மாதிரி இருக்கு" என்றான்.

உங்களை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். அது வரவில்லை. ஆனால் எழுதினீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லவீனியா


ஹோபர்ட்
15 ஆகஸ்ட் 2003

மதிப்புக்குரிய லவீனியா அவர்களுக்கு,

உங்கள் தீவு மன்றத்துக்கும் துறைக்கும் முழு விவரத்தையும் அனுப்பிவிட்டேன். மலரைத் தொகுக்கும் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பையன். என்னிடம் பயின்ற ஒருவரிடம் பயின்றவர்.

"சார், இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? மூணாவது பாடத்த நாங்க இன்னும் நடத்திட்டு இருக்கோம். 'சில ஐயங்கள் பின்னர் எழுந்தன'ன்னு ஒரு வரி சேத்துடலாம். உங்க பேருக்கும் நல்லது."

உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை: ஒரு கணம் சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த வரி என் கையெழுத்தில் இருப்பது போலவே இருந்தது. பிறகு அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். "குச்சி நட்டதும் இழப்பும்" என்ற தலைப்பில் வேறொன்று எழுதித் தருகிறேன், விருப்பமிருந்தால் அச்சிடுங்கள் என்றேன். இன்னும் பதில் இல்லை. வழிகாட்டியைப் பின்பற்றிக் குச்சி நட்ட மற்ற தீவுகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு இடங்கள். பெரும்பாலானவற்றில் அன்று பணியாற்றியவர்கள் உயிரோடு இல்லை.

ஒன்று கேட்கலாமா? நான் அங்கே நேரில் வந்து உங்கள் அண்ணனிடமும், ஆஸ்வின் வந்தால் அவரிடமும் சொல்வது முறையாக இருக்குமா? வருவதற்குத் தைரியம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நீங்கள் வரச் சொன்னால் வருவேன்.

லயனல் வார்டெல்


நார்ஃபோக் தீவு
12 அக்டோபர் 2003

லயனல் அவர்களுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். ஆஸ்வின் வந்திருந்தான். ஒன்பது நாட்கள்.

விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். இறங்கி வந்தவனை எனக்குத் தெரியவில்லை. "அத்தே" என்ற பிறகுதான் தெரிந்தது. பாதித் தலை வழுக்கை. கையெல்லாம் தோட்ட வேலையில் காய்த்திருக்கிறது. கார் ஓட்டும்போது எதிரே வரும் வண்டிகளுக்கு நம் ஊர் வழக்கப்படி வணக்கமாக விரலைத் தூக்கிக்கொண்டே வந்தேன். இரண்டு மைல் போனதும் அவனும் தூக்க ஆரம்பித்தான். யார் என்று தெரியாமல் எல்லோரும் பதிலுக்குத் தூக்கினார்கள்.

பார்க்கின்ஸ் சவரம் செய்துகொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தான். கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன் என்றால் அது என் முட்டாள்தனம். கை கொடுத்துக்கொண்டார்கள். "பயணமெல்லாம் எப்டி?" "பரவால்ல." முதல் மூன்று நாள் இப்படித்தான். வாழைக்காய் அப்பம் சுட்டேன், இருவரும் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என் தலைக்கு மேல்தான் சொன்னார்கள்.

மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு எங்கள் பெஞ்சில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருடமும் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. பாட்டைப் பாடினேன்.

ஆனால் திட்டுக்குப் போகவில்லை. ஊரில் இரண்டு பேர் படகைத் தருவதாகச் சொன்னார்கள். அதைத் துறையிலிருந்து கிரேனில் கடலுக்கு இறக்கிவைக்கக்கூட ஆயத்தமாக இருந்தார்கள். ஆஸ்வின் வேண்டாம் என்றான். "முட்டைக்காகவா வந்தேன்?" என்றான். ஏழாம் நாள் மதியம் அவனே அப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு, திட்டுத் தெரிகிற பாறைமேட்டுக்குப் போனான். என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு மணி நேரம். காற்று பலமாக இருந்ததால் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள் என்று அந்த வழியாக வந்த ஒருத்தி சொன்னாள். வாய் அசைந்ததா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாள். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தன. காற்றாகவும் இருக்கலாம்.

நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நான் ஆஸ்வினிடம் கேட்டேன். "வந்து என்ன பண்ணுவாரு, அத்தே? அவரு அழுவாரு, நான் பரவால்லம்பேன். பரவால்லன்னு சொல்ல எனக்கு இஷ்டமில்ல" என்றான். பிறகு, "அந்தப் பதினாலு எடத்துக்கும் எழுதச் சொல்லுங்க, விட்டுடாம" என்றான். எழுதுங்கள்.

நேற்று அவனை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். பார்க்கின்ஸும் வந்தான், சக்கர நாற்காலியில். மறுபடி கை கொடுத்தார்கள். இந்த முறை விடுவதற்குக் கொஞ்சம் நேரமானது. கிறிஸ்துமஸுக்குத் தன் மகளை, பார்க்கின்ஸின் பேத்தியை, அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். டாக்டர் சொன்னதை நான் அவனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். பழக்கத்தில் மூன்று கப் எடுத்துவைத்துவிட்டேன். பார்க்கின்ஸ் மூன்றாவது கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் டீக்குச் சக்கர போடறதில்ல, கவனிச்சியா?" என்றான். "சின்ன வயசுல நாலு கரண்டி போடுவான். எப்ப விட்டான்னு கேக்கணும்னு ஒம்போது நாளா நெனச்சுட்டே இருந்தேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"அப்பனுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதாச்சே, லவீ. எப்டிக் கேக்கறது?"

லவீனியா